இது வெறும் மறதிதானா? டிமென்ஷியாவின் அறிகுறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா எங்கள் தெருவில் இருபது பெண்களைச் சேர்த்து ஏலச்சீட்டு நடத்தியவர். எல்லாம் மனக்கணக்குதான்; நோட்டில் எழுதுவது மற்றவர்களின் திருப்திக்காக. அவருக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொன்னபோது வயது 71. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தார். இப்போதும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஃபோன் செய்து, "எங்க அப்பா இப்படிப் பண்றாரு, இது அதுவா இருக்குமா?" என்று கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. அம்மாவிடம் பார்த்தது, டாக்டர்களிடம் கேட்டது, தேடிப் படித்தது, மூன்றும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள். இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டரிடம் போக வேண்டுமா, போனால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

வயசானால் மறதி வருவது சகஜம்தானே? எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

கல்யாண வீட்டில் எதிரே வந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது. பந்தியில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில், "அட, நம்ம தபால் ஆபீஸ்காரர்!" என்று ஞாபகம் வந்துவிடுகிறது. இது வயதின் மறதி. அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்ததே மறுநாள் நினைவில் இல்லை, ஃபோட்டோவைக் காட்டினாலும், "நீயும்தானே வந்தே" என்று எடுத்துக்கொடுத்தாலும் வரவில்லை என்றால் அது வேறு.

இரண்டாவதாக, அன்றாட வேலை தடைபடுகிறதா என்று பாருங்கள். மறந்துவிடுவோம் என்று தெரிந்து சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு சமாளிப்பவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார். எழுதி வைத்த சீட்டு எதற்கு என்று தெரியாமல் திகைப்பவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். அவரை அடுத்த வீட்டுத் தாத்தாவோடு ஒப்பிடாதீர்கள், அவரோடே ஒப்பிடுங்கள். ஒரு வருஷம் முன்பு இவர் எப்படி இருந்தார்? என் அப்பாவுக்குக் கணக்கு எப்போதுமே வராது. அவர் மளிகைக் கடையில் சில்லறையை எண்ணாமல் வாங்கி வந்தால் அது வழக்கம். அம்மா அப்படி வாங்கி வந்த அன்றைக்கு நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையும் உண்டு. நினைவோ யோசனையோ வயதுக்கு மீறிக் குறைந்திருக்கும். ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். இப்படி இருப்பவர்கள் எல்லோருக்கும் டிமென்ஷியா வந்துவிடாது. சிலர் அப்படியே நிற்கிறார்கள், சிலர் தேறவும் செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ வருஷத்துக்கு ஒரு முறையோ டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

டிமென்ஷியாவும் அல்சைமரும் ஒன்றா?

காய்ச்சல் என்பது பொதுப்பெயர், அதற்குள் டைஃபாய்டு, டெங்கு என்று பல உண்டு அல்லவா? டிமென்ஷியாவும் அப்படித்தான். மூளையின் திறன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, தனியாக வாழ முடியாத நிலைக்குக் கொண்டுபோகும் பல நோய்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றில் அல்சைமர்தான் அதிகம்; பத்துப் பேரில் ஆறு ஏழு பேருக்கு அதுவாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டது. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் இதற்கு "புத்தி தடுமாறிப்போச்சு" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பது வழக்கு. முதுமை என்றாலே இப்படித்தான் என்ற எண்ணம் இந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. 80, 90 வயதிலும் பேரன் பேத்தி பெயரோடு அவர்கள் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! இது முதுமை இல்லை, நோய்.

முதலில் தெரிவது மறதிதானா?

பல பேருக்கு ஆமாம். ஆனால் வீட்டில் உள்ளவர்கள் முதலில் கவனிப்பது பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். அல்சைமர் நோய்க்குப் பெயர் கொடுத்த ஜெர்மன் டாக்டர் அலோயிஸ் அல்சைமர் 1901-ல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் பார்த்த அகுஸ்டே டெட்டர் என்ற பெண்ணுக்கு வயது 51. அந்த அம்மாளிடம் முதலில் வெளிப்பட்டது புருஷன் மேல் திடீரென்று கிளம்பிய சந்தேகம். ஞாபகக் குறைவு பின்னாலேயே வந்தது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மா போன பிறகு ஒரு நாள் பரணிலிருந்த அவருடைய சீட்டு நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார். முதல் நோட்டுகளில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. டாக்டர் நோய் என்று சொன்னதற்கு இரண்டு வருஷம் முந்தைய நோட்டில், ஒரே மாதத்தில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. கூட்டலை அடித்து அடித்துத் திருத்தியதில் ஒரு பக்கம் கிழிந்தே போயிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால், "யார் கொடுத்தது? கேக்கணும்" என்று தனக்குத்தானே எழுதி வைத்திருக்கிறார். அதே காலத்தில்தான் ஒரு பெண், பணம் கட்டியும் கட்டவில்லை என்கிறார் என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். நாங்கள் அவமானம் தாங்காமல் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, "ஏம்மா இப்படிப் பண்றே?" என்று அம்மாவைத்தான் திட்டினோம். அவர் பதில் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். தன்னிடம் ஏதோ நழுவுகிறது என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அதனால் பணம் கையாளுவதைப் பாருங்கள் என்று சொல்வேன். ஒரே பில்லை இரண்டு முறை கட்டுவது, ஏடிஎம் வாசலில் திகைத்து நிற்பது, யாரோ ஃபோனில் கேட்டதும் ஓடிபி எண்ணைச் சொல்லிவிடுவது. இதில் கடைசியில் சொன்னது எல்லா வயதினருக்கும் நடக்கிறது, சரிதான். ஆனால் வாழ்நாளெல்லாம் பத்துப் பைசா ஏமாறாதவர் இரண்டாம் முறையும் ஏமாந்தால் வெறுமனே கோபப்பட்டு விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, பல படிகள் உள்ள வேலைகள். தினமும் வைக்கிற ரசத்தை நன்றாக வைப்பார். ஆனால் தீபாவளிக்கு நாலு பலகாரம், எது முன்னே எது பின்னே என்று திட்டம் போட முடியாமல் திணறுவார். சொற்களும் நழுவும்: கரண்டியை "அது, அந்தக் கிண்டுறது" என்பார். பழகிய தெருவில் திரும்ப வேண்டிய முனை தவறிப்போகும். நேரம், கிழமை, மாதம் குழம்பும். ஸ்கூட்டரிலோ காரிலோ புதிதாகக் கீறல்கள் தெரியும்.

இன்னொன்று சத்தமில்லாமல் வரும். கோயில், கல்யாணம், பக்கத்து வீட்டு அரட்டை எல்லாவற்றிலிருந்தும் அவர் மெல்ல ஒதுங்குவார். "எனக்கு எங்கேயும் வர இஷ்டமில்லை" என்பார். பேச்சைப் பின்தொடர முடியாத களைப்பும், மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் அதற்குள் இருக்கலாம்.

எங்கள் அப்பா 1965-ல் நடந்ததையெல்லாம் தேதியோடு சொல்கிறார். அவருக்கு எப்படி மறதி நோய் இருக்க முடியும்?

இந்த ஒரு விஷயத்தால் ஏமாந்துபோகிற குடும்பங்கள் நிறைய. அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று, மூளைக்குள் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. பழைய நினைவுகள் முன்பே பதிந்துவிட்டவை, அவை நெடுநாள் தங்கும். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது பதியவே இல்லை. பதியாததை எங்கிருந்து எடுப்பார்? அதனால்தான் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதே கேள்வியைக் கேட்கிறார். நம்மைச் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் முறைதான்.

பள்ளிக்கூட நாள் கதையைக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். நேற்று யார் வந்தார்கள், போன வாரம் என்ன விசேஷம் என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். பரீட்சை வைப்பது போலக் கேட்டால் புண்படுவார்.

மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்று பழி போடுகிறார். இதுவும் அறிகுறியா?

ஆம், மிகப் பரவலான ஒன்று. எத்தனையோ வீடுகளில் இதைக் குணம் என்று நினைத்து உறவே முறிந்துபோயிருக்கிறது.

நடப்பது இதுதான். பத்திரமாக இருக்கட்டும் என்று நகையை எங்கோ எடுத்து வைக்கிறார். வைத்தது பதியவில்லை. தேடுகிறார், இல்லை. தான் எடுத்த நினைவே இல்லாதபோது, வேறு யாரோ எடுத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தானே மனம் போகும்? பழி விழுவது எப்போதும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் மேல்தான், மருமகளோ வேலைக்கு வருகிற அம்மாவோ. வெளியூரிலிருந்து மாதம் ஒரு முறை வரும் மகன் நல்லவனாகிவிடுகிறான். அவனும் "அம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்று நம்பிவிட்டால் வீடு இரண்டாகிறது.

அம்மாவின் வளையல் ஒரு முறை அரிசி டிரம்முக்குள் கிடைத்தது, இன்னொரு முறை தலையணை உறைக்குள். கிடைத்ததும் "பார்த்தியா, நீதானே வெச்சே" என்று நிரூபிக்கப் போகாதீர்கள். "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்பதுதான் எங்கள் வீட்டில் பலித்தது. அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் நாலைந்து இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பழி சுமக்கிற மருமகளிடமும் வீட்டில் மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவள் மேல் தவறில்லை என்று.

சாயங்காலமானால் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்கிறாரே?

இது பெரும்பாலும் நோய் கொஞ்சம் முற்றிய பிறகு வருவது. பொழுது சாயும்போது பதற்றமும் குழப்பமும் கூடுவது டிமென்ஷியாவில் வழக்கம். பகல் முழுதும் தாக்குப்பிடித்த களைப்பு, மங்கும் வெளிச்சம், நிழல்கள், உடலின் கடிகாரமே தடம் மாறுவது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். அவர் கேட்கிற வீடு சில சமயம் பிறந்த வீடு; சில சமயம், பயமில்லாமல் இருந்த ஏதோ ஒரு இடம். "இதுதாம்மா உங்க வீடு" என்று வாதாடினால் பதற்றம் ஏறும். ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள், பேசட்டும். வலி, பசி, மலச்சிக்கல் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அவரால் அதைச் சொல்லத் தெரியாமலிருக்கலாம்.

ஞாபகமெல்லாம் ஓரளவு இருக்கிறது. ஆனால் மூலையில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்கிறார். பேய் பிசாசு என்று பயப்படுகிறார்கள்.

லூயி பாடி டிமென்ஷியா என்று ஒரு வகை உண்டு. அதில் இல்லாத ஆட்களோ பிராணிகளோ மிகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். கூடவே நடை சிறுத்து, உடம்பு விறைத்து, பார்க்கின்சன் நோய் போலத் தெரியலாம். ஒரு நாள் தெளிவாகப் பேசுவார், மறுநாள் மந்தமாக இருப்பார். இன்னொரு தடயம் தூக்கத்தில் இருக்கிறது: கனவில் நடப்பதையெல்லாம் கை காலை வீசி நடித்துக் காட்டுவார், கத்துவார், பக்கத்தில் படுத்தவரை அடித்தும் விடுவார். மற்ற அறிகுறிகள் வருவதற்குப் பல வருஷம் முன்பே இது தொடங்கியிருக்கலாம். அதனால் அவருடைய மனைவியையோ கணவரையோ தனியாக விசாரியுங்கள்.

இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், குறிப்பாக ஹாலோபெரிடால் போன்றவை, இந்த வகை நோயாளிகளுக்கு ஆபத்தாக முடியலாம். மந்திரிக்கப் போவதற்கு முன்னால் நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.

என் கணவருக்கு 52 வயதுதான். மறதி இல்லை, ஆனால் ஆளே மாறிவிட்டார்.

மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கும் டிமென்ஷியா வகை பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் வருகிறது. கூச்சமாக இருந்தவர் முன்பின் தெரியாதவரிடம் அசிங்கமாகப் பேசுவார். வீட்டில் சாவு விழுந்திருக்கும், அவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். இனிப்பைக் கண்டால் நிறுத்த மாட்டார். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார். சிலருக்குப் பேச்சு மட்டும் முதலில் சிதையும். குடி, கள்ளத் தொடர்பு, மனநோய், "நடுவயசுக் கோளாறு" என்று எதையெதையோ சந்தேகித்துவிட்டு வருஷங்கள் கழித்து டாக்டரிடம் வருகிறார்கள். உங்கள் சந்தேகத்தைத் தள்ளாதீர்கள். வேலையை அவரே விட்டுவிடுவதற்கு முன்போ, வேலையிலிருந்து அனுப்பப்படுவதற்கு முன்போ பரிசோதனை செய்துவிடுவது பணம், சட்டம் எல்லாவற்றுக்கும் நல்லது.

சர்க்கரையும் பிபியும் இருக்கிறது. அதனால் வருமா?

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டோ சுருங்கியோ வரும் டிமென்ஷியா இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் திடீரென்று ஒரு படி இறங்கும், கொஞ்ச நாள் அப்படியே நிற்கும், மறுபடி ஒரு படி இறங்கும். இதில் மறதியைவிட யோசனை மந்தமாவதும் திட்டமிட முடியாமல் போவதும் முந்திக்கொள்ளும். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை இவற்றைக் கட்டுக்குள் வைத்தால் மேற்கொண்டு இறங்குவதை ஓரளவு தடுக்கலாம்.

போன வாரம் வரை நன்றாக இருந்தார். இரண்டே நாளில் யாரையும் தெரியவில்லை என்கிறார்.

இதை டிமென்ஷியா என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வருவது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்பு என்று நாம் சொல்கிற சோடியம் குறைவது, நீர்ச்சத்து வற்றுவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, ஆபரேஷன் என ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சலே இல்லாமல் போகலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வாய் கோணுவது, பேச்சுக் குளறுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது இருந்தால் பக்கவாதம். 108-ஐக் கூப்பிடுங்கள், ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

டிமென்ஷியா ஏற்கெனவே இருப்பவருக்கும் இது மேலே ஏறி வரும். திடீரென்று மோசமானால் "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது.

டிமென்ஷியா போலவே இருந்து சரியாகக் கூடியவை உண்டா?

உண்டு. சீக்கிரம் போங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு முதல் காரணமே இதுதான். வைட்டமின் பி12 குறைவு சைவம் சாப்பிடுகிறவர்களிடமும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களிடமும் அதிகம். தைராய்டு குறைவு ஆளை மந்தமாக்கிவிடும். மனச்சோர்வும் அச்சாக டிமென்ஷியா போலவே தெரியும், முக்கியமாகத் துணையை இழந்த பிறகு. தூக்க மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் போடும் பழைய அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் சில மருந்துகள், இவையும் முதியவர்களைக் குழப்பும். எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சள் பையில் அள்ளிப்போட்டு டாக்டர் முன்னால் கொட்டுங்கள்.

லேசாக விழுந்து தலையில் பட்டிருந்தாலும், வாரங்கள் கழித்து மண்டைக்குள் ரத்தம் கட்டிக் குழப்பம் வரலாம். மூளைக்குள் நீர் தேங்கும் ஒரு நோய் உண்டு: கால் தரையோடு ஒட்டினாற்போல் நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி, மூன்றும் சேர்ந்து வரும், அறுவை சிகிச்சையில் சிலர் நன்றாகத் தேறுகிறார்கள். காது கேட்காதவர் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதையும் மறதி என்று நினைப்பதுண்டு. காதையும் கண்ணையும் முதலில் சோதித்துவிடுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அப்பா அம்மா ஊரில். ஃபோனில் எப்படிக் கண்டுபிடிப்பது?

"சாப்பிட்டியா, மழை உண்டா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா" என்கிற பேச்சை நோய் நடுக்கட்டத்திலும் அழகாகப் பேசிவிடுவார்கள். அது நாக்கில் பழகிய பேச்சு. ஒரே அழைப்பில் ஒரே செய்தி இரண்டு முறை வருகிறதா? போன வாரம் நீங்கள் சொன்ன முக்கியமான விஷயம், உங்களுக்குப் புது வேலை கிடைத்தது போல, அவருக்கு நினைவிருக்கிறதா? கேள்வி கேட்டதும் ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறாரா? தம்பதியாக இருக்கும் வீடுகளில் ஒருவர் மற்றவரின் குறையை மூடி மறைத்துத் தாங்குவார். அவர் ஊருக்குப் போனாலோ காலமானாலோதான் வெளியே தெரியும். அப்போது எல்லோரும் "அதிர்ச்சியிலே இப்படி ஆயிட்டாங்க" என்பார்கள்.

ஊருக்கு வந்தால் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். கெட்டுப்போன சாப்பாடு, ஒரே பொருள் ஏழெட்டுப் பாக்கெட், தொடப்படாத மாத்திரை அட்டை, அடிப்பிடித்த பாத்திரங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருப்பது, எல்லாம் பேசும். பால்காரரிடமும் மெடிக்கல் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் உங்களுக்கு முன்னாலேயே கவனித்திருப்பார்கள்.

எந்த டாக்டரிடம் போவது? என்ன சோதனை செய்வார்கள்?

நரம்பியல் டாக்டர், மனநல டாக்டர், முதியோர் நல டாக்டர், மூவரில் யாரிடமும் தொடங்கலாம். சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. சென்னையில் ஸ்கார்ஃப் (SCARF) என்ற மனநலத் தொண்டு அமைப்பு டிமென்ஷியாவுக்கென்று தனிச் சேவை நடத்துகிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416.

ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், அப்புறம் கேள்வி பதில் வடிவில் நினைவுச் சோதனை. மூன்று சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாதவருக்கு இதெல்லாம் நோயில்லாமலே கடினம். நன்கு படித்தவர் நோயோடும் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். சென்னையிலும் வேலூரிலும் களப்பணி செய்த 10/66 என்ற சர்வதேச ஆய்வுக் குழு, படிப்பு இந்த முடிவைக் குழப்பாதபடி சோதனையை அமைக்கவே பாடுபட்டது. குடும்பத்தார் சொல்வதைக் கேட்பதும் அந்தச் சோதனையில் ஒரு பகுதி.

ஆக, நீங்கள் சொல்வதில்தான் பாதி இருக்கிறது. நாங்கள் முதலில் பார்த்த டாக்டர் முன்னால் அம்மா அவ்வளவு கலகலப்பாகப் பேசினார். அவர் ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று டாக்டரையே விசாரித்தார். ஐந்து நிமிஷத்தில் "வயசானா அப்படித்தான், ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் அதிலேயே போனது. இரண்டாவது டாக்டரிடம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: என்ன நடந்தது, எந்தத் தேதி, முன்பு எப்படிச் செய்வார், இப்போது எப்படி. "மறதி இருக்கு" என்று எழுதாதீர்கள். "தை மாசத்தில் மூன்று முறை காஸ் அடுப்பை அணைக்காமல் கோயிலுக்குப் போய்விட்டார்" என்று எழுதுங்கள். அந்தத் தாளை அவர் முன்னால் படிக்காமல் டாக்டரிடம் தனியாகக் கொடுங்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லை" என்று டாக்டரிடம் வரவே மறுக்கிறார்.

பாதி பயம், பாதி நோயே செய்கிற வேலை. தனக்குக் குறை இருக்கிறது என்று உணரும் திறனையே இந்த நோய் எடுத்துவிடக் கூடும். வாதாடி ஜெயிக்க முடியாது. பிபி பார்க்கப் போகலாம், சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் வாயால் சொல்ல வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. பேரன் பேத்தி கூப்பிட்டால் வருபவர்களும் உண்டு.

குணமாக்க மருந்து இல்லை என்கிறார்களே. அப்புறம் எதற்குச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும்?

முழுக்கக் குணமாக்க இன்று மருந்து இல்லை, உண்மைதான். டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற ஊசி அல்சைமரின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. அது ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான், மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வரக்கூடும் என்பதால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

ஆனால் மருந்துக்கு அப்பால் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் தெரிந்தால் அவரே முடிவெடுக்கலாம். உயில் எழுதலாம், வங்கிக் கணக்கில் இன்னொருவர் பெயரைச் சேர்க்கலாம், யாரிடம் இருக்க விரும்புகிறார் என்று சொல்லலாம். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டால் அது செல்லாமல் போகும். வக்கீலை முன்பே பாருங்கள்.

அம்மாவைத் திட்டிய அந்த இரண்டு வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. முன்பே தெரிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டோம்.

அம்மாவுக்கு வந்ததால் எனக்கும் வருமா?

பரம்பரையாக நேரடியாக இறங்கும் அல்சைமர் மிக அரிது; அது பெரும்பாலும் 60 வயதுக்கு முன்பே வரும். மற்றபடி பெற்றோருக்கு இருந்தால் நமக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் மாற்றக்கூடிய காரணிகள் பதினான்கைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் களைய முடிந்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. காது கேளாமை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, உடற்பயிற்சி இல்லாமை எல்லாம் அதில் உண்டு. நான் 48 வயதில் பிபி மாத்திரை போட ஆரம்பித்தேன், ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

எங்களையே அடையாளம் தெரியாத நாள் வந்தால், அவரிடம் எதுவுமே மிச்சமிருக்காதா?

பெயரும் உறவும் போன பிறகும் கை பழகியவை நெடுநாள் இருக்கும். உடம்பு கற்றுக்கொண்டது மூளையில் வேறு இடத்தில் தங்கியிருக்கிறது. பாட்டும் அப்படியே, பேச்சு நின்றவர்கள் பழைய பாட்டின் அடிகளைப் பாடுவார்கள்.

கடைசி இரண்டு வருஷம் அம்மா என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். நானும் அக்காவாகவே இருந்தேன். ஒரு நாள் உதிரி மல்லியை முறத்தில் கொட்டி, ஈரப்படுத்திய வாழை நாரை அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஒரு இழுப்பு. விரல்கள் நிற்கவே இல்லை. அரை முழம் கட்டி முடித்ததும் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "திரும்பு" என்றார். என் தலையில் வைத்துவிட்டு, "எந்த ஊரு உனக்கு?" என்று கேட்டார்.